வாசலில் வந்திறங்கும் மளிகை: நாம் கொடுப்பது அன்பளிப்பா, கூலியா?



கருத்துக்களம் நிகழ்ச்சியில் சில தலைப்புகளை எடுத்தால் அரங்கம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கும். வேறு சில தலைப்புகளுக்கு ஒலிவாங்கி கைமாறிக்கொண்டே இருக்கும். "வீட்டுக்கு மளிகைச் சாமான் கொண்டுவந்து தருபவருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?" என்ற கேள்வி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

"கொண்டுவந்து சேர்ப்பதற்குத்தான் கட்டணம் வாங்கிவிட்டார்களே, பிறகு எதற்கு?" என்று கேட்டார் ஓர் அம்மா. "அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் தூக்கி வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வருமா?" என்றார் ஓர் இளைஞர். "சிங்கப்பூரில் அந்தப் பழக்கமே இல்லையே! நாமே ஏன் தொடங்கிவைக்க வேண்டும்?" என்றார் ஒரு பெரியவர். மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நிகழ்ச்சியின் அரை மணி நேரத்திற்குள் இதை முழுமையாகப் பேசி முடிக்க இயலாது. ஆகவே, அங்கே பேசியதையும் பேச நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

டிப்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன் இன்னொரு கேள்விக்கு விடை காண வேண்டும். நாம் செலுத்தும் பணம் யாருடைய கைக்குப் போகிறது? இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

555 நோட்டிலிருந்து செயலி வரை

வீட்டு வாசலுக்கு மளிகை வருவது நமக்குப் புதிதல்ல. அந்தக் காலத்து மளிகைக் கடைக்காரர் அரிசியையும் பருப்பையும் சைக்கிளில் வைத்து வீட்டுக்கு அனுப்பிவைப்பார். கணக்கெல்லாம் அட்டையில் 555 என்று அச்சிட்ட சின்ன நோட்டுப் புத்தகத்தில் ஏறும். சம்பளம் வந்ததும் கடன் தீரும். கொண்டுவரும் பையன் யார், அவன் வீட்டில் எத்தனை பேர், கடைக்காரர் அவனுக்கு என்ன கொடுக்கிறார் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். பண்டிகை நாளில் அவன் கையில் ஒரு வெள்ளியும் ஒரு பை பலகாரமும் கொடுத்தால் அது அன்பு. அதில் குழப்பம் ஏதும் இல்லை.

இன்று அந்தச் சைக்கிள் பையனின் இடத்தில் ஒரு செயலி வந்து உட்கார்ந்திருக்கிறது. சிங்கப்பூரில் ரெட்மார்ட் 2011ஆம் ஆண்டில் தொடங்கியது. 2016இல் லஸாடா நிறுவனம் அதை வாங்கியது. 2015இல் ஹானஸ்ட்பீ வந்தது. பேரங்காடிக்குள் நமக்காக நடந்து பொருள் எடுக்கும் பகுதிநேர ஊழியர்களை அது பரவலாக அறிமுகப்படுத்தியது. வேகமாக வளர்ந்த அந்த நிறுவனம் 2019இல் பண நெருக்கடியில் சிக்கித் தடுமாறி விழுந்தது. கிராப், ஃபூட்பாண்டா போன்றவை சாப்பாட்டோடு மளிகையையும் சேர்த்துக்கொண்டன. பேரங்காடிகளும் சொந்தமாக இணையக் கடைகளைத் திறந்தன.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி கிருமித்தொற்று முறியடிப்பு நடவடிக்கைகள் தொடங்கியபோது இந்தச் சேவை வசதி என்ற நிலையிலிருந்து தேவை என்ற நிலைக்கு மாறியது. விநியோக நேரம் கிடைப்பதே அரிதாக இருந்தது. முன்பு கைத்தொலைபேசியில் பேச மட்டுமே தெரிந்த தாத்தா பாட்டிகளும் பேரப் பிள்ளைகளிடம் கேட்டுச் செயலியைப் பழகிக்கொண்டார்கள். அன்று தொற்றிக்கொண்ட பழக்கம் இன்றும் நம்மை விட்டுப் போகவில்லை.

வசதி பெருகியது. ஆனால் கொண்டுவருபவர் யார், அவருக்கு என்ன கிடைக்கிறது என்ற விவரம் நம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. இன்றைய குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் கூடையை நிரப்புவது யார்?

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாச் செயலியும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே மூன்று வகையான ஏற்பாடுகள் உள்ளன.

முதலாவது, கிடங்கு முறை. பொருள்கள் ஒரு பெரிய கிடங்கில் இருக்கும். அங்கே பணியாற்றும் ஊழியர்கள் எடுத்துப் பெட்டியில் அடுக்குவார்கள். வேன் ஓட்டுநர் ஒரே பயணத்தில் பல வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ரெட்மார்ட் இந்த வழியில் வளர்ந்ததுதான். குடியிருப்புகளுக்கு அருகிலேயே சிறு கிடங்குகள் அமைத்து விரைவாக அனுப்பும் பாண்டாமார்ட் போன்றவை இதன் சின்ன வடிவம்.

இரண்டாவது, கடை ஊழியர் முறை. பேரங்காடியில் சம்பளத்துக்கு வேலை செய்பவரே உங்கள் பட்டியலைப் பார்த்துப் பொருள்களை எடுத்து வைப்பார். நீங்கள் போய்ப் பெற்றுக்கொள்ளலாம், அல்லது வேறொருவர் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

மூன்றாவது, தனியார் கொள்முதலாளர் முறை. அவர் கடையின் ஊழியர் அல்லர். செயலி அனுப்பும் வேலையை ஏற்றுக்கொண்டு கடைக்குப் போய், தள்ளுவண்டியை உருட்டி, பொருள் தேடி, வரிசையில் நின்று வாங்கி வருவார். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு வேலைக்கு இவ்வளவு என்ற கணக்குதான். நேரம் கூடினாலும் பெட்ரோல் விலை கூடினாலும் சுமை பெரும்பாலும் அவருடையதே.

டிப்ஸ் பற்றிய கேள்வி இந்த மூன்று பேருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. சம்பளம் வாங்கும் ஊழியருக்கு நாம் கொடுப்பது கூடுதல் மகிழ்ச்சி. ஒரு வேலைக்கு இவ்வளவு என்று வாங்குபவருக்கோ, அது அன்றைய உழைப்பு கட்டுப்படியானதா இல்லையா என்பதையே மாற்றக்கூடும்.

கட்டணம் வேறு, டிப்ஸ் வேறு

பணம் செலுத்தும் பக்கத்தை அடுத்த முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். விநியோகக் கட்டணம், தளக் கட்டணம், சேவைக் கட்டணம், குறைந்த தொகைக்கு வாங்கினால் அதற்கொரு கட்டணம், அவசரமாக வேண்டுமென்றால் இன்னொரு கட்டணம் என்று பல வரிகள் இருக்கும். சில செயலிகளில் கடையில் உள்ள விலைக்கும் செயலியில் உள்ள விலைக்கும் வித்தியாசம் இருப்பதும் உண்டு.

இவற்றில் எதற்கும் டிப்ஸ் என்று பெயரில்லை. விநியோகக் கட்டணம் என்று எழுதியிருப்பதால் அது முழுவதும் வாசலில் நிற்பவர் கைக்குப் போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. அது நிறுவனத்துக்குச் செல்லும் வருமானம். ஊழியருக்கு எவ்வளவு என்பதை நிறுவனம் தனிக் கணக்கில் முடிவு செய்கிறது. அதேபோல் "விநியோகம் இலவசம்" என்று விளம்பரம் வந்தால், கொண்டுவருபவர் இலவசமாக உழைக்கிறார் என்றும் பொருளல்ல. அந்தச் செலவை நிறுவனம் வேறு எங்கோ ஏற்றி வைத்திருக்கும்.

உணவகங்களில் நாம் செலுத்தும் 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தை நினைத்துப் பாருங்கள். அதைக் கட்டிவிட்டோம், டிப்ஸ் தேவையில்லை என்பது நம் ஊர் வழக்கம். அந்த மனக்கணக்கையே மளிகைச் செயலிக்கும் கொண்டுவருகிறோம். ஆனால் உணவகப் பணியாளர் மாதச் சம்பளக்காரர். மூட்டை தூக்கி வருபவர் பெரும்பாலும் அப்படியல்லர்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

"டிப்ஸ் கொடுப்பது நல்ல குணம்தானே, அதில் என்ன கேடு வந்துவிடும்?" என்று கேட்பவர்கள் அமெரிக்க அனுபவத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே டிப்ஸ் வெறும் பழக்கமாக இல்லாமல் சம்பள முறைக்குள்ளேயே புகுந்துவிட்டது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தாலே போதும். டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலர் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த 2.13 டாலர் 1991ஆம் ஆண்டிலிருந்து மாறவேயில்லை. பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கின்றன என்றாலும் அடிப்படை இதுதான். வாடிக்கையாளர் கொடுக்கும் அன்பளிப்பு முதலாளியின் சுமையைக் குறைக்கிறது.

இந்த மண்ணில்தான் 2012இல் இன்ஸ்டாகார்ட் முளைத்தது. வாடிக்கையாளருக்காகப் பேரங்காடிக்குப் போய்ப் பொருள் வாங்கி வரும் தனியார் கொள்முதலாளர்களை அது இலட்சக்கணக்கில் உருவாக்கியது. அவர்கள் சட்டப்படி ஊழியர்கள் அல்லர் என்பதால் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவர்களுக்கு இல்லை. டிப்ஸ்தான் பெரிய நம்பிக்கை.

2019இன் தொடக்கத்தில் ஒரு செய்தி வெடித்தது. ஒரு வேலைக்குக் குறைந்தது 10 டாலர் உறுதி என்று இன்ஸ்டாகார்ட் சொல்லியிருந்தது. ஆனால் வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸையும் அந்தப் பத்து டாலருக்குள்ளேயே சேர்த்துக் கணக்குப் போட்டது. வாடிக்கையாளர் 10 டாலர் டிப்ஸ் கொடுத்த ஒரு வேலைக்கு நிறுவனம் தன் பங்காக 80 காசு மட்டும் கொடுத்த ரசீது வெளியானதும் மக்கள் கொதித்தார்கள். ஊழியருக்கு என்று நினைத்துக் கொடுத்த பணம் உண்மையில் நிறுவனத்தின் செலவைக் குறைத்திருக்கிறது! அந்த ஆண்டு பிப்ரவரியில் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டு அந்த முறையைக் கைவிட்டார்.

இது ஒரு நிறுவனத்தோடு நிற்கவில்லை. அமேசான் ஃபிளெக்ஸ் ஓட்டுநர்கள் மளிகையும் கொண்டு சேர்ப்பவர்கள். டிப்ஸ் முழுவதும் அவர்களுக்கே என்று சொல்லிவிட்டு, அதில் ஒரு பகுதியை அடிப்படைக் கூலிக்கு ஈடாகப் பயன்படுத்தியதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021இல் அமேசான் 61.7 மில்லியன் டாலரைத் திருப்பிச் செலுத்த ஒப்புக்கொண்டது.

இன்னொரு வேதனையும் உண்டு. 2020இல் கிருமித்தொற்று உச்சத்தில் இருந்தபோது, சில வாடிக்கையாளர்கள் பெரிய தொகையை டிப்ஸாகக் காட்டித் தங்கள் பட்டியலை முதலில் எடுக்க வைத்தார்கள். சாமான் வாசலுக்கு வந்து சேர்ந்ததும் அந்த டிப்ஸைச் சுழியமாக மாற்றிவிட்டார்கள். உயிரைப் பணயம் வைத்துக் கடைக்குப் போய் வந்தவர் ஏமாந்து நின்றார். டிப்ஸை மாற்றுவதற்கு மூன்று நாள் இருந்த அவகாசத்தை இன்ஸ்டாகார்ட் 24 மணி நேரமாகக் குறைக்க வேண்டிவந்தது.

நியூயார்க் நகரம் 2023இல் உணவு விநியோக ஊழியர்களுக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்ச ஊதியத்தைக் கட்டாயமாக்கியது. உடனே பெரிய செயலிகள் சில, டிப்ஸ் கேட்கும் கட்டத்தை வாடிக்கையாளர் பணம் செலுத்தி முடித்த பிறகு வருமாறு மாற்றிவிட்டன. டிப்ஸ் சரிந்தது. 2025இல் அந்நகர மன்றம் ஊதியப் பாதுகாப்பை மளிகை விநியோகத்துக்கும் விரிவுபடுத்தச் சட்டம் இயற்றியது.

இவற்றையெல்லாம் நான் சொல்வது டிப்ஸ் கொடுப்பவர்களைப் பயமுறுத்த அல்ல. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அன்பளிப்பு கூலியின் இடத்தைப் பிடித்துக்கொண்டால், கொடுப்பவரின் மனநிலைக்கேற்ப வாங்குபவரின் அடுப்பு எரியும். இது ஒன்று. வாங்குபவர் கைக்கு முழுமையாகப் போகிறதா என்று தெரியாமல் கொடுக்கும் அன்பளிப்பு யாருக்கு உதவுகிறது என்று சொல்ல முடியாது. இது மற்றொன்று.

கடைவாசலில் பெற்றுக்கொள்ளும் முறை

இணையத்தில் வாங்கிவிட்டு நாமே போய்ப் பெற்றுக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. அமெரிக்காவில் காரைக் கடையின் முன் நிறுத்தினால் ஊழியர் பைகளைக் கொண்டுவந்து பின்பக்கத்தில் வைத்துவிடுவார். வால்மார்ட்டில் இப்படிக் கொண்டுவருபவர் மணிக்கூலிக்கு வேலை செய்யும் கடை ஊழியர். அவர் டிப்ஸ் வாங்கக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி. அதே வால்மார்ட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் தனியார் ஓட்டுநருக்கோ செயலியிலேயே டிப்ஸ் கொடுக்கலாம். ஒரே கடை, ஒரே சாமான். ஆனால் கொண்டுவருபவர் யார் என்பதைப் பொறுத்து வழக்கம் மாறுகிறது.

நம் ஊரிலும் சில கடைகள் இப்படிப் பெற்றுக்கொள்ளும் வசதியைத் தருகின்றன. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கடை இருந்தால் இது சிக்கனமான ஏற்பாடு. விநியோகக் கட்டணம் மிச்சமாகும் வாய்ப்பு உண்டு. வாங்கும்போதே பையைத் திறந்து முட்டை உடைந்திருக்கிறதா, தக்காளி நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். குறித்த நேரத்தில் போவது மட்டும் நம் பொறுப்பு. தாமதித்தால் குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய மீனும் இறைச்சியும் வெளியே காத்திருக்கும். அப்படிப்பட்ட பொருள்களை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 32 பாகை செல்சியசுக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. நம் ஊர் வெயிலுக்கு இது மிகவும் பொருந்தும்.

இங்கே பெட்டியை எடுத்துத் தரும் கடை ஊழியருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா என்று கேட்டால், தேவையில்லை என்பதே என் பதில். பல கடைகளில் ஊழியர் பணம் வாங்கினால் அவருக்கே சிக்கல் வரலாம். அவர் வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தக் கூடாது. அவருடைய நல்ல சேவையை மேலாளரிடம் இரண்டு வரி எழுதிச் சொல்லுங்கள். அது அவருடைய வேலைக் குறிப்பில் சேரும்.

சட்டம் எதுவரை வந்திருக்கிறது?

"அப்படியானால் கூலியை யார் உறுதிப்படுத்துவது?" என்ற கேள்வி இயல்பாக எழும். இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2024 செப்டம்பரில் இணையத்தள ஊழியர் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2025 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. செயலி வழியாகப் பொருள் விநியோகம் செய்பவர்களும் வாடகை வாகனம் ஓட்டுபவர்களும் இதில் அடங்குவர்.

வேலையின்போது விபத்து நேர்ந்தால் மற்ற ஊழியர்களுக்கு உள்ளதைப் போன்ற இழப்பீட்டுப் பாதுகாப்பு அவர்களுக்கும் கிடைக்கிறது. 1995 ஜனவரி 1ஆம் தேதிக்கோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மத்திய சேமநிதிச் சந்தா விகிதம் மற்ற ஊழியர்களின் நிலையை நோக்கிப் படிப்படியாக உயர்கிறது. நிறுவனமும் தன் பங்கைச் செலுத்த வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேர்ந்துகொள்ளலாம். தங்களுக்காகப் பேசச் சங்கம் அமைத்துக்கொள்ளவும் வழி பிறந்திருக்கிறது. இதன் செலவை ஈடுகட்டச் சில நிறுவனங்கள் 2025இன் தொடக்கத்தில் தளக் கட்டணத்தைச் சிறிதளவு உயர்த்தின. அந்தச் சில காசுகளைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் சறுக்கி விழுந்து கால் உடைந்த ஒருவருக்கு மருத்துவச் செலவு கிடைக்க வழிசெய்யும் காசு அது என்று அறிந்தால் சுளிப்பு மறையும்.

மலேசியாவிலும் 2025ஆம் ஆண்டில் கிக் தொழிலாளர் சட்ட மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சமூகப் பாதுகாப்புச் சந்தா, தகராறுகளைத் தீர்க்க நடுவர் மன்றம் போன்ற ஏற்பாடுகளை அது கொண்டுவருகிறது. ஜொகூரிலும் கிள்ளானிலும் உறவினர் வைத்திருக்கும் நம் வாசகர்கள் அவர்களிடமும் இதைச் சொல்லலாம்.

சட்டம் பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் ஒரு பயணத்துக்கு இவ்வளவு கிடைத்தே தீரும் என்று அது சொல்லிவிடவில்லை. மழை நாளில் ஒருவர் எத்தனை வீடு ஏறி இறங்குகிறாரோ அதுதான் இன்னும் அவருடைய வருமானம். இங்கேதான் நம் பங்கு தொடங்குகிறது.

டிப்ஸை விடப் பெரிய உதவி

விநியோக ஊழியருக்கு நேரம்தான் காசு. அவருடைய நேரத்தை வீணாக்காமல் இருப்பது இரண்டு வெள்ளி கொடுப்பதை விடப் பெரிய உதவி.

முதலில் பட்டியல். 2020இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது குடும்பத் தலைவர் மட்டும் கடைக்குப் போகலாம் என்றார்கள். எந்தக் கீரை எது என்று தெரியாமல் கணவன்மார் காய்கறிப் பகுதியில் நின்று வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்த கதையைப் படித்து நாம் சிரித்தோம். நம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் கொள்முதலாளரின் நிலையும் அதேதான். அவர் நம் சமையலறையைப் பார்த்தவர் அல்லர். வேறு இனத்தவராகவும் இருக்கலாம். இஞ்சி கேட்டால் லெங்குவாஸ் வந்து சேரும். கொத்தமல்லித் தழை கேட்டால் செலரி இலை வரும். பொன்னி அரிசி கேட்டால் பாஸ்மதி வரும். பொருளின் படம், எடை, தயாரிப்பின் பெயர் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குறிப்பு எழுதும் இடம் இருந்தால் எழுதுங்கள். "வாழைக்காய் பச்சையாக வேண்டும், பழுத்தது வேண்டாம்" என்ற ஒரு வரி இருவருக்கும் நிம்மதி.

அடுத்தது மாற்றுப் பொருள். கேட்டது இல்லையென்றால் வேறு எதை எடுக்கலாம், அல்லது பணத்தைத் திருப்பித் தந்தால் போதுமா என்பதை முன்பே தெரிவு செய்துவிடுங்கள். அவர் கடையில் நின்று செய்தி அனுப்பினால் உடனே பதில் சொல்லுங்கள். நாம் பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் அவர் பத்து நிமிடம் சம்பளமில்லாமல் நிற்கிறார்.

பிறகு முகவரி. புளோக் எண், மாடி, வீட்டு எண் மூன்றும் சரியாக இருக்கட்டும். மின்தூக்கி பழுதாகியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், முடிந்தால் கீழே இறங்கி வந்து வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் காவலரிடம் சொல்லி வைத்தால் வாசலில் நடக்கும் விசாரணை நேரம் மிச்சமாகும்.

சுமையையும் நினைத்துப் பாருங்கள். 10 கிலோ அரிசி, தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள், எண்ணெய் டின் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சைக்கிளில் வருபவரிடம் சுமத்துவது சரியல்ல. அப்படிப்பட்ட கனமான சாமான்களை வேனில் அனுப்பும் கிடங்குச் சேவையில் வாங்குங்கள். மறந்துபோன கறிவேப்பிலைக்கும் தயிருக்கும் விரைவுச் சேவையை வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் அனைவரும் ஒரே நேரத்தில் கேட்பதால்தான் சாலையில் ஓட்டமும் விபத்தும் கூடுகின்றன. மாவும் சர்க்கரையும் பத்து நாள் முன்னால் வாங்கினால் கெட்டுப் போகாது.

கடைசியாக, நட்சத்திர மதிப்பீடு. அழுகிய தக்காளி வந்தால் கோபம் வருவது இயல்பு. படம் எடுத்து நிறுவனத்திடம் முறையிடுங்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அது நம் உரிமை. ஆனால் கிடங்கில் கட்டிய பெட்டியைத் திறக்காமல் கொண்டுவந்து கொடுத்தவருக்கு ஒரு நட்சத்திரம் போடுவது நியாயமா? தொடர்ந்து குறைவான மதிப்பீடு வந்தால் அவருடைய அடுத்த வேலைவாய்ப்பே பாதிக்கப்படலாம். யார் செய்த தவறு என்று பார்த்துக் குறை சொல்வது நல்லது.

கொடுப்பதென்றால் எப்படிக் கொடுப்பது?

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். சிங்கப்பூரில் டிப்ஸ் கட்டாயமில்லை. கொடுக்காதவர் கருமியும் அல்லர். ஓய்வூதியம் இல்லாமல் சேமநிதியை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் முதியவர் தயங்க வேண்டியதில்லை. கடைக்கு நடந்து போக முடியாதவருக்குத்தான் இந்தச் சேவை மிகவும் தேவை. அவர் டிப்ஸுக்குப் பயந்து சேவையையே விட்டுவிடக் கூடாது.

கொடுக்க மனமும் வசதியும் உள்ளவர்களுக்குச் சில யோசனைகள். சாமான் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். முன்கூட்டியே ஆசை காட்டுவது ஏலம் போடுவதுபோல் ஆகிவிடும். செயலியில் கொடுப்பதென்றால் டிப்ஸ் முழுவதும் ஊழியருக்கே போகும் என்று நிறுவனம் எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் கையில் கொடுங்கள். கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்பவர்கள் செயலியிலேயே கொடுக்கலாம்.

எவ்வளவு என்பதற்கு இங்கே விதியில்லை. அமெரிக்காவைப் போல் விழுக்காடு கணக்கிடுவதும் தேவையில்லை. 100 வெள்ளிக்கு நெய்யும் முந்திரியும் வாங்கினால் ஒரு பை, 30 வெள்ளிக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கினால் இரண்டு பெட்டி. யாருக்குக் கை வலிக்கும்? விலையைப் பார்க்காமல் சுமையையும் வானிலையையும் பாருங்கள். கொட்டும் மழை, உச்சி வெயில், பண்டிகை இரவு, படியேறி வந்த சாமான் ஆகியவை இரண்டு மூன்று வெள்ளிக்குத் தகுதியானவை. சில்லறை இல்லையா? குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் "நன்றி தம்பி, பார்த்துப் போங்க" என்ற சொல்லும் குறைந்தவை அல்ல. வருபவர் நம்மைவிட மூத்தவராக இருப்பதும் உண்டு. அப்போது "அண்ணே", "அங்கிள்" என்று அழைத்துப் பையை எட்டி வாங்கிக்கொள்வது நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துப் பழக வேண்டிய பண்பு.

"நாமே ஏன் தொடங்கிவைக்க வேண்டும்?" என்று கேட்ட பெரியவருக்கு என் மறுமொழி இது. ஐயா, உங்கள் அச்சம் சரியானது. கொடுக்காவிட்டால் சேவை கிடைக்காது என்ற நிலை இங்கே வரக் கூடாது. நாம் கொடுப்பதைக் காட்டி நிறுவனங்கள் தங்கள் பங்கைக் குறைக்கும் நிலையும் வரக் கூடாது. அதற்கு வழி, கொடுப்பதை நிறுத்துவதல்ல. கூலி எது, அன்பளிப்பு எது என்று தெளிவாகப் பிரித்து வைப்பதுதான். கூலி நிறுவனத்தின் கடமை. அதை நாம் நிறுவனத்திடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேட்கலாம். கட்டணம் சில காசு உயரும்போது அது ஊழியரின் பாதுகாப்புக்கென்றால் முணுமுணுக்காமல் ஏற்கலாம். அன்பளிப்பு நம் விருப்பம். அதை எவர் கணக்கிலும் சேர்க்காமல் கொடுக்கலாம்.

"கூலியைக் குறைத்து வேலையைக் கெடுக்காதே" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அன்று அது கடை முதலாளிக்குச் சொன்ன புத்திமதி. இன்று மலிவான விநியோகத்தைத் தேடித் தேடிச் செயலி மாற்றும் நமக்கும் அது பொருந்தும். மிக மலிவாக வந்து சேரும் ஒரு பையின் மிச்ச விலையை யாரோ ஒருவர் தம் உடம்பால் செலுத்துகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த முறை மளிகை கேட்டு விரலால் தொடும்போது, பணம் செலுத்தும் பக்கத்தில் உள்ள வரிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். எது கடைக்கு, எது நிறுவனத்துக்கு, எது கொண்டுவருபவருக்கு என்று அவர்களைக் கேளுங்கள். நல்ல கணக்குப் பாடமாகவும் இருக்கும். உங்கள் அனுபவங்களையும் மாற்றுக் கருத்துகளையும் எழுதி அனுப்புங்கள். பயனுள்ளவற்றை வரும் நிகழ்ச்சியில் பேசுவோம்.